உலகம் சுற்றிய தமிழர் ஏ.கே. செட்டியார்

தமிழில் பயண இலக்கியத்தைக் குறித்துப் பேச முற்படும் எவரும் ஏ.கே. செட்டியார் என்னும் பெயரைக் கூறாமல் மேற்செல்ல இயலாது. காந்தியடிகளின் வாழ்வை முழுநீள ஆவணப்படமாக உருவாக்கிய முன்னோடியும் அவரே. எழுத்து, இதழ், திரைப்படம் ஆகிய மூன்று துறைகளில் உழைத்த இப்பெருமகனாரின் வாழ்வை நோக்குங்கால், மூன்றிலும் அவர் ஆற்றியது ஒரே பணிதான் என்பது புலனாகும். சிதறிக் கிடந்ததைத் தேடித் திரட்டினார். திரட்டியதைப் பின்வருவோர்க்குக் கொடுத்துச் சென்றார். அவர் கொடுத்ததை நாம் எவ்வாறு பேணினோம் என்னும் வினா அவர் வரலாற்றோடு சேர்ந்தே எழுகின்றது.

பிறப்பும் இளமையும்

காரைக்குடியை அடுத்த கோட்டையூரில் 1911ஆம் ஆண்டு பிறந்தவர் கருப்பன் செட்டியார். அவர் பிறந்த நகரத்தார் சமூகம் பர்மா, மலேயா, இலங்கை முதலிய நாடுகளில் வாணிகம் செய்து வாழ்ந்த காலம் அது. கடல் கடத்தல் அம்மக்களுக்குப் புதிதன்று. ஆயின், பொருள் ஈட்டக் கடல் கடந்தோர் நடுவே, கண்டதை எழுதவும் படம் பிடிக்கவும் கடல் கடந்தவர் செட்டியார்.

இளம் வயதிலேயே எழுத்தில் நாட்டம் கொண்ட அவர், இரங்கூனிலிருந்து வெளிவந்த 'தனவணிகன்' இதழின் ஆசிரியராகப் பணியாற்றினார். பின்னர்ப் புகைப்படக் கலை பயிலும் பொருட்டு ஜப்பான் சென்று டோக்கியோவில் கற்றார். அதன்பின் அமெரிக்காவின் நியூயார்க் நகரிலும் பயிற்சி பெற்றார். எழுதுகோலும் படக்கருவியும் ஒருவர் கையில் ஒருங்கே அமைவது அந்நாளில் அரிது. அவ்வரிய பேறு செட்டியாருக்கு வாய்த்தது.

கப்பலில் தோன்றிய எண்ணம்

1937ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள், காந்தியடிகளின் பிறந்தநாள். நியூயார்க்கிலிருந்து ஐரோப்பா நோக்கிச் சென்ற கப்பலில் செட்டியார் பயணம் செய்துகொண்டிருந்தார். அண்ணலின் வாழ்வை ஆவணப்படமாக எடுக்க வேண்டும் என்னும் எண்ணம் அக்கப்பலில்தான் அவருள் உதித்தது. அப்போது அவருக்கு இருபத்தாறு வயதும் நிரம்பவில்லை. பெருஞ்செல்வமோ, அரசின் ஆதரவோ, திரைத்தொழிலில் நீண்ட அனுபவமோ அவருக்கு இல்லை. ஆட்சியோ அண்ணலைச் சிறையிட்ட ஆங்கிலேயரின் ஆட்சி. இவற்றையெல்லாம் எண்ணிப் பார்த்திருப்பின் எவரும் பின்வாங்கியிருப்பர். செட்டியார் பின்வாங்கினாரில்லை.

நடித்து எடுக்கும் கதைப்படமாக அதனை அவர் கருதவில்லை. காந்தியடிகளே தோன்றும் உண்மைக் காட்சிகளைக் கொண்டு படம் அமைய வேண்டும் என்று துணிந்தார். தண்டி யாத்திரை நடந்தது 1930இல். வட்டமேசை மாநாட்டிற்காக அண்ணல் இலண்டன் சென்றது 1931இல். நடந்து முடிந்த நிகழ்ச்சிகளை மீண்டும் படம் பிடித்தல் எவ்வாறு இயலும்? அன்றன்று செய்திப்படக்காரர்கள் எடுத்த சுருள்கள் எங்கெங்கு உள்ளனவோ அங்கெல்லாம் சென்று தேடிப் பெறுவது ஒன்றே வழி. எனவே பல நாடுகளுக்கும் சென்று செய்திப்பட நிறுவனங்களின் படக் காப்பறைகளை நாடினார். அண்ணலின் அறப்போர் தொடங்கிய தென்னாப்பிரிக்காவிற்கும் சென்றார். புதிதாக எடுக்க வேண்டிய காட்சிகளுக்குப் பாரிசில் பயிற்சி பெற்ற பி.வி. பதி போன்ற ஒளிப்பதிவாளர்கள் துணைநின்றனர். காந்தியடிகளோ படக்கருவியின் முன் வேண்டுமென்றே நின்று காட்சி தர விரும்பாதவர். ஆதலின், அவர் தம் இயல்பில் இயங்கும்போதே படம் பிடித்தாக வேண்டியிருந்தது.

இப்பணிக்காக அவர் மூன்று ஆண்டுகளில் ஏறத்தாழ 1,00,000 மைல் பயணம் செய்தார் என்பர். முப்பது ஆண்டுக் காலத்தில் நூற்றுக்கு மேற்பட்ட ஒளிப்பதிவாளர்கள் எடுத்தவற்றிலிருந்து 50,000 அடி நீளமுள்ள படச்சுருளைத் திரட்டினார். அதனின்றும் 12,000 அடியைத் தெரிந்தெடுத்துத் தொகுத்தார். திரையில் இரண்டு மணி நேரத்திற்கு மேல் ஓடக்கூடிய அளவு இது. ஐரோப்பாவில் 1939இல் போர் மூண்டது. இத்தேடல் சில ஆண்டுகள் தாழ்த்திருப்பின் அக்காட்சிகள் பல நமக்கு எட்டாமலே போயிருக்கும்.

திரையில் அண்ணல்

1940ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் சென்னையில் இப்படம் வெளியாயிற்று. உலகமே போற்றிய ஒருவரைப் பற்றிய அப்படம் முதற்கண் பேசிய மொழி தமிழ் என்பது நாம் பெருமிதம் கொள்ளத்தக்கது. விளக்கவுரையைச் செருகளத்தூர் சாமா வழங்கினார், டி.கே. பட்டம்மாள் பாடினார். பின்னர்த் தெலுங்கு விளக்கவுரையோடும் படம் வெளிவந்தது. நாடு விடுதலை பெற்ற வேளையில் இந்தி விளக்கவுரையோடு தில்லியில் திரையிடப்பட்டது. 1953இல் அமெரிக்காவில் அதன் ஆங்கில வடிவம் உருப்பெற்றது.

இதழாசிரியர், பயண நூலாசிரியர்

படம் முடிந்ததும் ஓய்ந்தாரில்லை. 1943இல் 'குமரி மலர்' என்னும் இதழைத் தொடங்கி, 1983இல் தாம் மறையும் வரை நாற்பது ஆண்டுகள் நடத்தினார். கவர்ச்சியான அட்டையோ பரபரப்பான செய்தியோ அதில் இடம்பெறவில்லை. பழைய ஏடுகளில் மறைந்து கிடந்த அரிய கட்டுரைகளைத் தேடியெடுத்து மறுபதிப்புச் செய்தமையே அவ்விதழின் தனிச்சிறப்பு. இன்று தமிழ்ச் சமூக வரலாற்றை ஆய்வோர்க்குக் 'குமரி மலர்' ஒரு கருவூலம். தமிழகத்தைப் பற்றிப் பலர் பல காலங்களில் எழுதிய பயணக் கட்டுரைகளைத் 'தமிழ்நாடு' என்னும் பெயரில் பெருந்தொகுப்பாக்கி அளித்தவரும் அவரே.

அவருடைய பயண நூல்கள் 'உலகம் சுற்றும் தமிழன்', 'மலேயா முதல் கனடா வரை', 'அமெரிக்க நாட்டிலே', 'கரிபியன் கடலும் கயானாவும்', 'குடகு' எனப் பலவாகும். முதலில் கூறிய நூலின் பெயரே அவருக்கு அடைமொழியாயிற்று. அந்நூல்களில் சிறு சிறு வாக்கியங்களே மிகுதி. வியப்புரைகளும் அடுக்குத் தொடர்களும் அரிது. மாளிகைகளைக் காட்டிலும் மக்களின் பழக்க வழக்கங்களே அவர் கண்ணில் முதலில் பட்டன. கூலித் தொழிலாளராகக் கப்பலேறிய நம்மவரின் வழித்தோன்றல்கள் வாழும் நாடுகளை அவர் தேடிச் சென்றமை குறிக்கத்தக்கது.

இத்துணைப் பணிகள் ஆற்றியும் தம்மை முன்னிறுத்திக் கொள்ள அவர் விரும்பியதில்லை. உலகெங்கும் படம் பிடித்தவரின் சொந்தப் படங்கள் கிடைப்பதே அரிது. படத்திற்காகத் தாம் பட்ட பாடுகளையும் பிற்காலத்திலேதான் 'குமரி மலரில்' எழுதினார். அவை 'அண்ணல் அடிச்சுவட்டில்' என்னும் நூலாக, ஆய்வாளர் ஆ.இரா. வேங்கடாசலபதியின் பதிப்பில், 2003இல்தான் வெளிவந்தன. அப்போது அவர் மறைந்து இருபது ஆண்டுகள் கடந்திருந்தன.

நாம் இழந்தது

இனிக் கூறுவது வருத்தம் தருவது. 1940இல் தமிழ்நாட்டு மக்கள் கண்டு மகிழ்ந்த அத்தமிழ்ப் படம் முழு வடிவில் நம்மிடையே நிலைக்கவில்லை. ஆய்வாளர்கள் தேடியபோது கைக்கெட்டியது, சுருக்கப்பட்ட ஆங்கில வடிவமே. அதுவும் அமெரிக்காவில் பேணப்பட்ட படி. அக்காலப் படச்சுருள் எளிதில் தீப்பற்றுவது. வெப்பத்திலும் ஈரத்திலும் தானே சிதைவது. குளிரூட்டிய அறையில் வைத்துக் காத்தால் அன்றி அது நில்லாது. பல கண்டங்களில் சிதறிக் கிடந்ததைத் தனியொருவர் தேடித் திரட்டினார். திரட்டியதை ஓர் ஊரில் வைத்துக் காக்க, இத்துணைப் பெரிய தமிழ்ச் சமூகத்தால் இயலவில்லை. படச்சுருளின் தன்மை மட்டும் இவ்விழப்பிற்குக் காரணமன்று. காப்பதும் ஒரு கடமை என்னும் உணர்வு நம்மிடம் குன்றியிருந்ததே பெருங்காரணம் எனலாம்.

இவ்வுணர்வு திரைப்படத்திற்கு மட்டும் உரியதன்று. நகரத்தாரைப் போலவே நம் முஸ்லிம் பெருமக்களும் இரங்கூன், பினாங்கு, கொழும்பு எனக் கடல் கடந்து வாணிகம் செய்தவர்கள். அவர்கள் எழுதிய கடிதங்களும் கணக்கேடுகளும், அரபுத்தமிழ்க் கையெழுத்துப் பிரதிகளும், பழைய இதழ்களும் இன்னும் எத்தனையோ இல்லங்களின் பெட்டிகளில் உறங்குகின்றன. வீடு இடித்துக் கட்டும்போது அவை பழைய தாள் வணிகரிடம் செல்வதற்கு முன், பெரியோர்கள் ஒருமுறை பிரித்துப் பார்த்தல் வேண்டும். ஏற்ற நூலகங்களில் ஒப்படைத்தல் வேண்டும். மாணவச் செல்வங்கள் அவற்றைப் படியெடுத்து, ஆண்டும் பெயரும் குறித்து வைத்தல் வேண்டும். இதற்குச் செட்டியாரைப்போல் உலகம் சுற்ற வேண்டுவதில்லை. தம் வீட்டுப் பரணில் ஏறினாலே போதும். செட்டியாரின் நினைவைப் போற்ற விழைவோர் தொடங்க வேண்டிய இடம் அதுவே என்பது நம் துணிபு.