கொல்லர் மகன் மைக்கேல் ஃபாரடே

மனிதன் கையாண்ட உலோகங்களுள் இரும்பைப் போல் பயன்பட்டது வேறில்லை. கவனியாது விட்டால் அதனைப் போல் எளிதில் துருவுக்கு இரையாவதும் வேறில்லை. ஆகவே இரும்பைக் காக்கும் கலை, இரும்பை ஆக்கும் கலையைப் போலவே இன்றியமையாதது ஆகும்.

1940-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் வானில் போரிட்ட ஸ்பிட்ஃபயர் விமானங்களுள் சில இன்றும் பறக்கும் நிலையில் பேணப்படுகின்றன. அவற்றை இயக்கிய ரோல்ஸ் ராய்ஸ் மெர்லின் எஞ்சின் 12 சிலிண்டர்களும் 27 லிட்டர் கொள்ளளவும் உடையது. அத்தகைய பழைய எஞ்சின்களைப் புதுப்பிப்போர் அவற்றை முற்றிலும் பிரித்து, ஒவ்வொரு போல்ட்டையும் நட்டையும் வாஷரையும் தனித்தனியே துப்புரவு செய்கின்றனர். பழைய முலாத்தை நீக்கி, விரிசல் உண்டா எனச் சோதிக்கின்றனர். பின்னர்த் தக்கவற்றின்மீது காட்மியம் அல்லது துத்தநாகத்தை மின்சாரத்தின் துணையால் மெல்லிய படலமாகப் பூசுகின்றனர். அப்படலத்தின் கனம் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கே ஆகும். அது மிகுந்தால் மரை பொருந்தாது. குறைந்தால் விரைவில் துரு ஏறும்.

இவ்வளவு நுண்ணிய படலத்தை முன்கூட்டியே கணக்கிட்டுப் பூசுவது எங்ஙனம்? அக்கணக்கை உலகுக்கு வழங்கியவர் ஒரு கொல்லரின் மகன். எழுத்தும் படிப்பும் சிறிது கணக்கும் தவிரப் பள்ளியில் வேறொன்றும் பயிலாதவர். மைக்கேல் ஃபாரடே என்னும் அப்பெருமகனாரின் வாழ்க்கையை ஈண்டுச் சுருக்கமாகக் காண்போம்.

ஃபாரடே 1791-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் நாள், லண்டன் மாநகரின் தென்பகுதியில் நியூயிங்டன் பட்ஸ் என்னுமிடத்தில் பிறந்தார். தந்தையார் ஜேம்ஸ், வட இங்கிலாந்திலிருந்து பிழைப்பு நாடி வந்த கொல்லர். நோய் அவரை வாட்டியமையால் நாள்தோறும் உலைக்களம் செல்ல இயலவில்லை. தாயார் மார்கரெட் நான்கு மக்களையும் அரும்பாடுபட்டு வளர்த்தார். 1801-ஆம் ஆண்டு தானிய விலை ஏறியபோது ஒன்பது வயதுச் சிறுவனாகிய மைக்கேலுக்கு ஒரு வாரத்துக்கு ஒரு ரொட்டியே கிடைத்தது. அந்த ஒன்றை ஏழு நாளைக்கும் பகுத்து உண்ண வேண்டிய நிலை. வறுமையை நூலில் படித்து அறிந்தவரல்லர் ஃபாரடே, வயிற்றால் அறிந்தவர்.

1804-ஆம் ஆண்டில், பிளாண்ட்ஃபோர்டு தெருவில் புத்தகக் கடை நடத்திய ரீபோ என்பவரிடம் அவர் எடுபிடிச் சிறுவனாகச் சேர்ந்தார். வீடு வீடாகச் செய்தித்தாள்களைக் கொடுத்து, படித்து முடித்தபின் அவற்றைத் திரும்ப வாங்கி வருவது அவருடைய வேலை. சிறுவனின் நேர்மையைக் கண்ட ரீபோ, மறு ஆண்டில், வழக்கமாக வாங்கும் பயிற்சிக் கட்டணத்தையும் வாங்காமல், அவரை ஏழாண்டுக் காலத்துக்குப் புத்தகம் கட்டும் தொழிலில் சேர்த்துக்கொண்டார்.

பிறர் படிப்பதற்காகப் புத்தகம் கட்டிய அச்சிறுவன், கட்டிய புத்தகங்களைத் தானும் படிக்கத் தொடங்கினான். கலைக்களஞ்சியம் ஒன்றில் மின்சாரம் பற்றிய கட்டுரை அவன் கண்ணில் பட்டது. ஜேன் மார்செட் என்னும் அம்மையார் உரையாடல் வடிவில் எழுதிய வேதியியல் நூல் அவன் உள்ளத்தைக் கவர்ந்தது. படித்ததை அப்படியே நம்பிவிடாமல், கிடைத்த சில்லறைக் காசுக்கு மருந்துகளும் கருவிகளும் வாங்கித் தானே செய்து பார்த்தான். படித்ததைக் கையால் செய்து பார்க்கும் அவ்வழக்கம் இறுதிவரை அவரை விட்டு நீங்கவில்லை.

அக்காலத்தில் டேட்டம் என்பவர் தம் இல்லத்தில் அறிவியல் சொற்பொழிவுகள் நிகழ்த்தி வந்தார். கட்டணம் சொற்பொழிவு ஒன்றுக்கு ஒரு ஷில்லிங். 1810-ஆம் ஆண்டில் தந்தையார் மறைந்துவிட்டார். தம்பியின் வேட்கையை உணர்ந்த தமையன் ராபர்ட், தாமும் கொல்லுத் தொழில் செய்து பிழைத்தவர், அந்த ஷில்லிங்கைக் கொடுத்து உதவினார். சம்மட்டி பிடித்த கையிலிருந்து வந்த அச்சிறு தொகை எத்தகைய பயனை விளைத்தது என்பதை உலகம் பின்னர்க் கண்டது.

1812-ஆம் ஆண்டில், புத்தகக் கடைக்கு வந்துபோகும் டான்ஸ் என்னும் அன்பர் ஒருவர், ராயல் இன்ஸ்டிடியூஷன் என்னும் அறிவியல் கழகத்தில் சர் ஹம்ஃப்ரி டேவி ஆற்றிய சொற்பொழிவுகளுக்கு நுழைவுச் சீட்டுகளை வழங்கினார். நான்கு சொற்பொழிவுகளையும் கேட்ட ஃபாரடே, குறிப்புகளை விரித்தெழுதி, படங்கள் வரைந்து, தம் கையாலேயே நூலாகக் கட்டி டேவிக்கு அனுப்பினார். தமக்குத் தெரிந்த கைத்தொழிலையே பரிந்துரைக் கடிதமாக்கினார் எனலாம். மறு ஆண்டில் டேவியின் உதவியாளர் ஒருவர் வேலைநீக்கம் செய்யப்படவே, 1813 மார்ச் 1-ஆம் நாள் ஃபாரடே அப்பணியில் அமர்ந்தார். வாரச் சம்பளம் 25 ஷில்லிங். தங்குவதற்குக் கட்டடத்தின் மேல்மாடியில் இரண்டு அறைகள்.

அதே ஆண்டு அக்டோபரில் டேவி, மனைவியுடன் ஐரோப்பியப் பயணம் புறப்பட்டபோது ஃபாரடேயையும் அழைத்துச் சென்றார். டேவியின் பணியாள் உடன்வர மறுத்துவிட்டமையால், அவன் வேலைகளையும் ஃபாரடேயே சில நாட்கள் பார்க்க நேர்ந்தது. சில நாட்கள் என்று சொல்லப்பட்டது பயணம் முழுவதும் நீடித்தது. டேவியின் மனைவியார் அவரை அறிவியல் உதவியாளராக மதிக்கவில்லை. வேலைக்காரர்களோடு அமர்ந்து உண்ணும்படி செய்தார். மனம் நொந்த ஃபாரடே, அனைத்தையும் விட்டுத் திரும்பிவிடலாமா என்றுகூட எண்ணினார். ஆயினும் வோல்ட்டா போன்ற பேரறிஞர்களைக் காணவும் அவர்தம் ஆய்வுகளை அறியவும் வாய்த்த வாய்ப்பைக் கைவிட அவர் விரும்பவில்லை. இழிவுபடுத்தியவர்கள் இழிவையே எண்ணியிருக்க, அவர் கல்வியையே எண்ணியிருந்தார். 1815-ஆம் ஆண்டு ஏப்ரலில் பயணம் முடிந்து திரும்பியபோது அவர் புதிய மனிதராகவே திரும்பினார்.

1821-ஆம் ஆண்டில் அவர் சாரா பர்னார்டு அம்மையாரை மணந்தார். அவ்வாண்டிலேயே, மின்சாரம் பாயும் கம்பி காந்தத்தைச் சுற்றிச் சுழலும்படி செய்து காட்டினார். புகழோடு பழியும் வந்தது. மூத்த அறிஞர் ஒருவரின் கருத்தைக் களவாடினார் என்று சிலர் தூற்றினர். 1823-ஆம் ஆண்டு ராயல் சொசைட்டியின் உறுப்பினராக அவர் பெயர் முன்மொழியப்பட்டபோது, அதன் தலைவராயிருந்த டேவியே எதிர்த்தார். மரச்சிற்ப வேலை செய்தவரின் மகனாகப் பிறந்து தம் திறத்தால் உயர்ந்தவர் டேவி. தாம் ஏறிய ஏணியில் மற்றொருவர் ஏறி வருவதை அவரால் பொறுக்க இயலாமற் போனது வருந்தத்தக்கது. எனினும் ஒரே ஒரு வாக்கு மட்டும் எதிராக விழ, 1824-ஆம் ஆண்டு ஃபாரடே உறுப்பினரானார். அதன் பின்னும் டேவியைக் குறித்து நன்றியோடு பேசினாரேயன்றி இகழ்ந்து பேசினாரல்லர்.

1831-ஆம் ஆண்டு ஆகஸ்டு 29-ஆம் நாள், காந்தத்தின் மாற்றத்தால் கம்பிச் சுருளில் மின்சாரம் தோன்றுவதை அவர் கண்டறிந்தார். இன்று மின் நிலையங்களில் சுழலும் ஜெனரேட்டர்களுக்கெல்லாம் அதுவே அடிப்படை. அடுத்து 1833, 1834 ஆகிய ஆண்டுகளில் மின்னாற்பகுப்பு விதிகளை வகுத்தார். நாம் தொடங்கிய முலாம் கணக்கு இங்கேதான் பிறக்கிறது.

பள்ளி ஆய்வகத்தில் மாணவர்க்கு நான் ஒன்றைக் காட்டுவதுண்டு. மயில்துத்தக் கரைசலில் இரும்பு ஆணியை வெறுமனே இட்டால், மின்சாரமின்றியே செம்பு படியும். ஆனால் துணியால் துடைத்தால் அது உதிர்ந்துவிடும். அதே கரைசலில் ஒரு பித்தளைக் கரண்டியை நன்கு துலக்கி எதிர்மின்வாயாகவும், செம்புத் தகட்டை நேர்மின்வாயாகவும் வைத்து மென்மையாக மின்சாரம் செலுத்தினால் செம்பு உறுதியாகப் பற்றிக்கொள்ளும். எவ்வளவு படியும் என்பதே கேள்வி. மின்வாய்களின் வடிவையும் மின்சாரத்தின் வலிமையையும் பலவாறு மாற்றி ஃபாரடே சோதித்தார். படியும் பொருளின் எடை, பாய்ந்த மின்சாரத்தின் மொத்த அளவை மட்டுமே பொறுத்தது என முடிவு கண்டார். ஒரே அளவு மின்சாரம் வெவ்வேறு கரைசல்களில் பாய்ந்தால், வெளிப்படும் பொருள்களின் எடைகள் அவற்றின் சமான எடைகளின் விகிதத்தில் அமையும் என்பதும் அவர் கண்டது. மின்வாய், மின்பகுளி, அயனி என நாம் வழங்கும் சொற்களின் மூலச் சொற்களை, கேம்பிரிட்ஜ் அறிஞர் ஹியூவெல் முதலியோரின் துணையோடு வகுத்தவரும் அவரே.

அவ்விதிகளின்படி, ஓர் ஆம்பியர் மின்சாரம் ஒரு மணி நேரம் பாய்ந்தால் செம்பு 1.19 கிராமும், துத்தநாகம் 1.22 கிராமும், காட்மியம் 2.10 கிராமும், வெள்ளி 4.02 கிராமும் படியும். மொத்தம் 100 சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள சில எஞ்சின் போல்ட்டுகளுக்கு ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் 8 பங்கு கனத்துக்குக் காட்மியம் பூச வேண்டுமெனக் கொள்வோம். அதற்கு வேண்டிய உலோகம் ஏறத்தாழ 0.7 கிராம். இரண்டு ஆம்பியர் மின்சாரத்தைப் பத்து நிமிடம் செலுத்தினால் போதும். நடைமுறையில் மின்சாரத்தின் ஒரு பகுதி ஹைட்ரஜனை வெளியேற்றுவதில் செலவாவதால் சற்றுக் கூடுதல் நேரம் விடுவர். அந்த ஹைட்ரஜன் கடினமான எஃகினுள் புகுந்தால் போல்ட் நொறுங்கும் தன்மை அடையும். ஆதலின் முலாம் பூசியவுடன், தாமதியாமல், சுமார் 190 பாகை செல்சியஸ் வெப்பத்தில் பல மணி நேரம் வைத்து அதனை வெளியேற்றுவர். காட்மியமும் அத்தொட்டிகளில் பயன்படும் சயனைடும் கொடிய நஞ்சுகள் என்பதைத் தொழிலில் இறங்குவோர் ஒருபோதும் மறத்தல் ஆகாது.

1840-ஆம் ஆண்டில் பர்மிங்காம் நகரின் எல்கிங்டன் நிறுவனத்தார் வெள்ளி, தங்க முலாம் பூசும் முறைக்குக் காப்புரிமை பெற்றனர். 1844-இல் அதே நகரில் உல்ரிச் என்பவர், ஃபாரடே 1831-இல் கண்ட உண்மையின் அடிப்படையில் அமைந்த மின் இயந்திரத்தை முலாம் தொழிலுக்கென உருவாக்கினார். மின்சாரத்தை உண்டாக்கும் வழி, உலோகத்தைப் படியவைக்கும் கணக்கு ஆகிய இரண்டும் ஒருவரிடமிருந்தே வந்தன. அவரோ தம் கண்டுபிடிப்பு எதற்கும் காப்புரிமை பெறவில்லை. பொருள் ஈட்டித் தந்த தொழில்முறைச் சோதனைகளையும் கைவிட்டு ஆராய்ச்சியிலேயே ஈடுபட்டார்.

1835-ஆம் ஆண்டில் அரசு ஓய்வூதியம் பற்றிப் பேசச் சென்றபோது, பிரதமர் மெல்போர்ன் பிரபு அறிவியலாளர்க்கு ஓய்வூதியம் வழங்குவதையே இழித்துரைத்தார். ஃபாரடே அவ்வுதவியை ஏற்க மறுத்து வெளியேறினார். பிரதமர் எழுத்து மூலம் வருத்தம் தெரிவித்த பின்னரே ஆண்டுக்கு 300 பவுன் ஓய்வூதியத்தை ஏற்றார். இளமையில் உணவு மேசையில் நேர்ந்த அவமதிப்பைக் கல்விக்காகப் பொறுத்தவர், பின்னாளில் பணத்துக்காக அவமதிப்பைப் பொறுக்கவில்லை. சர் பட்டத்தையும், ராயல் சொசைட்டியின் தலைமைப் பதவியையும் வேண்டாமென விலக்கினார். ஆனால் சிறுவர்களுக்காகக் கிறிஸ்துமஸ் காலத்தில் நிகழும் சொற்பொழிவுகளை மட்டும் விரும்பி ஏற்றார். ஒரு மெழுகுவத்தியை வைத்துக்கொண்டு வேதியியல் முழுவதையும் அவர் விளக்கிய அழகு பெரிதும் போற்றப்படுகிறது.

உயர்கணிதம் அவருக்குக் கைவரவில்லை. அவர் மனக்கண்ணால் கண்ட காந்த விசைக்கோடுகளை மாக்ஸ்வெல் பின்னர்ச் சமன்பாடுகளாக்கினார். முதுமையில் நினைவாற்றல் குன்றியது. விக்டோரியா அரசியார் ஹாம்ப்டன் கோர்ட்டில் அளித்த இல்லத்தில், 1867-ஆம் ஆண்டு ஆகஸ்டு 25-ஆம் நாள், நாற்காலியில் அமர்ந்தபடியே ஃபாரடே இயற்கை எய்தினார். அவருடைய உடல் ஹைகேட் கல்லறைத் தோட்டத்தில் எளிய முறையில் அடக்கம் செய்யப்பட்டது.

கட்டணம் வாங்காத முதலாளி ஒருவர், நுழைவுச் சீட்டு வழங்கிய அன்பர் ஒருவர், ஷில்லிங் கொடுத்த தமையன் ஒருவர் ஆகிய மூவரும் இல்லையேல் ஃபாரடே புத்தகம் கட்டுபவராகவே வாழ்ந்து மறைந்திருக்கக்கூடும். அறிவு அவரிடம் இருந்தது; கதவைத் திறந்தோர் அவர்கள். கல்விக்கென நாம் ஈயும் சிறு தொகை எந்தப் பிள்ளையின் கையில் என்னவாகும் என்பதை எவராலும் முன்கூட்டிக் கணக்கிட இயலாது. முலாம் தொட்டிக்குக் கணக்கு உண்டு, அதற்கு இல்லை. ஆதலின் அளவு பாராது ஈவோமாக. பெறும் மாணவச் செல்வங்களும் படித்ததைக் கையால் செய்து பார்த்து, கற்றதைப் பிறர்க்கும் வழங்கி வாழ்வார்களாக!