வெப்பத்தை வென்ற மேபாக்

வெப்பவியல் பாடம் நடக்கும்போதெல்லாம் எனக்கு வில்ஹெல்ம் மேபாக்கின் நினைவு வரும். இவர் ஜெர்மனியின் ஹைல்பிரான் நகரில் 1846-இல் ஒரு தச்சரின் மகனாகப் பிறந்தார். பத்து வயதில் தாய் தந்தையரை இழந்து, ராய்ட்லிங்கனில் ஓர் அநாதை இல்லத்தில் வளர்ந்தார். அங்கிருந்த பட்டறைக்குப் பொறுப்பேற்று வந்த காட்லீப் டைம்லர், சிறுவனின் திறமையைக் கண்டு தம்முடன் சேர்த்துக்கொண்டார். 1880-களில் இருவரும் வேகமாகச் சுழலும் பெட்ரோல் எஞ்சின்களை உருவாக்கினர்.

அக்காலக் கார்களுக்குப் பெரும்பகை வெப்பமே. எரிபொருளின் ஆற்றலில் சிறு பங்குதான் சக்கரத்தைச் சேரும், மிச்சமெல்லாம் சூடாகிவிடும். எஞ்சினைச் சுற்றியோடும் தண்ணீர் கொதித்து ஆவியாகும். எஞ்சினின் வலுவைக் கூட்டினாலோ, சூடும் கூடும்!

1900-இல் 35 குதிரைத்திறன் கொண்ட மெர்சிடிஸ் காரை வடிவமைத்தபோது மேபாக் வழி கண்டார். தேன்கூடு போல, 6 மில்லிமீட்டர் சதுரக் குழாய்கள் 8,070-ஐ ஒன்றாகச் சேர்த்துப் பற்றவைத்தார். குழாய்களுக்குள் காற்று, இடுக்குகளில் தண்ணீர். கார் மெதுவாகச் சென்றாலும் காற்று குறையாதிருக்கப் பின்னால் ஒரு விசிறி. முன்பு 18 லிட்டர் தண்ணீர் வேண்டியிருந்தது. இப்போது 9 லிட்டரே போதும். புதிய விதி எதையும் அவர் கண்டுபிடிக்கவில்லை, பரப்பைத்தான் பெருக்கினார். எனக்கு வியப்பளிப்பது அதுவே. 1901 மார்ச்சில் பிரான்சின் நீஸ் நகரப் பந்தயங்களில் அந்தக் கார் மற்றவற்றைப் பின்னுக்குத் தள்ளியது.

டைம்லர் 1900-இல் மறைந்தபின் நிறுவனத்தில் மேபாக்கின் செல்வாக்கு தேய்ந்தது, 1907-இல் விலகினார். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன்: பட்டப்படிப்பே படிக்காத அவருக்கு, எழுபதாம் வயதில், 1916-இல் ஸ்டுட்கார்ட் தொழில்நுட்பக் கல்லூரி கௌரவ டாக்டர் பட்டம் வழங்கியது. 1929 டிசம்பரில் அந்நகரிலேயே காலமானார்.