ரைன் நதியை நேராக்கியவர்

யோகான் கோட்பிரீட் துல்லா. இந்தப் பேரை நீங்க சிலபஸ்ல பார்த்திருக்க மாட்டீங்க. ஆனா ஜெர்மனியில் ரைன் கரையோரம் இவரைத் தெரியாதவங்க குறைவு.

1770-ல் கார்ல்ஸ்ரூவில் பிறந்தவர். 1807-ல் அதே ஊரில் ஒரு பொறியியல் பள்ளியைத் தொடங்கினார். அந்தக் காலத்து ரைன், தீவுகளும் கிளைகளுமா பரந்து, வளைஞ்சு வளைஞ்சு ஓடியது. வெள்ளம் வந்தா பாதை மாறும், கிராமங்களே அழியும். சதுப்பு நிலத்துக் கொசுவால மலேரியா வேற.

துல்லாவின் திட்டம் எளிமையானது. வளைவின் கழுத்தில் ஒரு குறுகலான கால்வாய் மட்டும் வெட்டுவார். மிச்சத்தை ஆறே அரிச்சு அகலமாக்கிக்கும். 1817-ல் வேலை தொடங்கியபோது க்னீலிங்கன் கிராம மக்கள் எதிர்த்தாங்க. ராணுவக் காவலோடதான் வெட்ட முடிஞ்சது. 1828-ல் அவர் பாரிஸில் இறந்துட்டார். வேலை 1876-ல்தான் முடிந்தது. பாசலுக்கும் வோர்ம்ஸுக்கும் நடுவில் ஆறு சுமார் 81 கிலோமீட்டர் குறைஞ்சது.

ஊர்கள் பிழைச்சது, மலேரியா ஒழிஞ்சது, விளைநிலம் கிடைச்சது. இதையெல்லாம் நாம மறுக்க முடியாது.

ஆனா தூரம் குறைஞ்சதும் சரிவு கூடியது, வேகமும் கூடியது. ஆறு தன் படுகையையே தோண்ட ஆரம்பிச்சது. நிலத்தடி நீர் இறங்கியது. ஆற்றோரக் காடுகள் காய்ந்தன. 20-ஆம் நூற்றாண்டில் நீர்மின் அணைகளும் வந்து, மீதியிருந்த வெள்ளச் சமவெளியில பெரும்பகுதியை ஆற்றிலிருந்து பிரிச்சிடுச்சு. தேங்க இடமில்லாத வெள்ளம், கீழே இருக்கிற நகரங்களுக்கு முன்னைவிட சீக்கிரமாவும் உயரமாவும் போய்ச் சேர்ந்தது.

1996-ல் பாடன்-வூர்ட்டம்பர்க் மாநில அரசு ஒரு திட்டத்தை ஏற்றது. 13 இடங்களில் சுமார் 16.7 கோடி கன மீட்டர் வெள்ளத்தைத் தேக்க, ஆற்றுக்கு நிலத்தைத் திருப்பிக் கொடுக்கணும். வெள்ளத்தையே மறந்துபோன காட்டுக்குள்ள திடீர்னு தண்ணி விட்டா மரமும் மானும் தாங்காது. அதனால பெரிய வெள்ளத்துக்குக் காத்திருக்காம, ஆறு உயரும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமா தண்ணி விட்டுக் காட்டைப் பழக்குறாங்க. இதுக்கும் கரையோர ஊர்களில் எதிர்ப்பு இருக்கு, அன்னைக்கு க்னீலிங்கனில் இருந்த மாதிரியே.

துல்லாவை வில்லனா பார்க்காதீங்க. கண்ணெதிரே சாகுற மனுஷங்களைக் காப்பாத்த, தன் காலத்துக் கணக்கைச் சரியாத்தான் போட்டார். அந்தக் கணக்கில் கீழ்க்கரை ஊரும் காடும் இல்லை, அவ்வளவுதான். நாளைக்கு நீங்க ஒரு ஆற்றுக்கு வரைபடம் போடும்போது, அந்த ரெண்டையும் சேர்த்துக்கோங்க.