ஜர்னைல் சிங்

ஜர்னைல் சிங் தில்லான் (பெப்ரவரி 20, 1936 - அக்டோபர் 13, 2000) இந்தியக் காற்பந்தாட்ட வீரரும் பயிற்றுநரும் ஆவார். தடுப்பாட்டக்காரரான இவர் 1962ஆம் ஆண்டு ஜகார்த்தாவில் நடைபெற்ற ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் தங்கப் பதக்கம் வென்ற இந்திய அணியில் இடம்பெற்றிருந்தார். அப்போட்டியின் அரையிறுதியிலும் இறுதியிலும் தலைக்காயத்துடன் முன்கள வீரராக ஆடி, இரு ஆட்டங்களிலும் தலா ஒரு கோல் அடித்தார். 1965 முதல் 1967 வரை இந்திய அணியின் தலைவராக இருந்தார். 1964இல் அர்ஜுனா விருது பெற்றார். இவர் பிறந்த ஊர் இன்று பாகிஸ்தானில் உள்ளது. இவர் விளையாடியது இந்தியாவுக்காக. இறந்தது கனடாவில்.

பிறப்பும் இடப்பெயர்வும்

ஜர்னைல் சிங் பிரித்தானிய இந்தியாவின் பஞ்சாப் மாகாணத்தில், லயால்பூர் பகுதியில் ஒரு சீக்கியக் குடும்பத்தில் பிறந்தார். லயால்பூர் பழமையான ஊர் அன்று. செனாப் ஆற்றிலிருந்து கால்வாய் வெட்டப்பட்டு வறண்ட நிலம் பாசன நிலமாக மாற்றப்பட்டபோது, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அங்கு எழுந்த குடியேற்ற நகரம் அது. பஞ்சாபின் துணை ஆளுநராக இருந்த ஜேம்ஸ் லயால் என்பவரின் பெயர் அதற்கு இடப்பட்டது. கிழக்குப் பஞ்சாபின் ஜலந்தர், ஹோசியார்பூர் போன்ற மாவட்டங்களிலிருந்து உழவர் குடும்பங்கள் பல அங்கு சென்று நிலம் பெற்றுக் குடியமர்ந்தன. 1977இல் அந்நகருக்கு, சவூதி அரேபிய மன்னர் பைசலின் நினைவாக, பைசலாபாத் எனப் பெயர் மாற்றப்பட்டது.

1947 ஆகஸ்ட் 17 அன்று எல்லைக்கோடு வெளியிடப்பட்டபோது லயால்பூர் பாகிஸ்தானுக்குள் அமைந்தது. அப்பகுதியின் சீக்கியரும் இந்துக்களும் இலட்சக்கணக்கில் கிழக்கு நோக்கி வெளியேறினர். பலர் மாட்டு வண்டிகளோடு நெடுந்தொடராக நடந்தே எல்லையைக் கடந்தனர். எதிர்த் திசையில் முஸ்லிம் குடும்பங்கள் மேற்கு நோக்கிச் சென்றன. வழியில் இரு பக்கத்தாரும் பெரும் உயிரிழப்பைச் சந்தித்தனர். அவ்வாறு இந்தியாவுக்கு வந்து சேர்ந்த குடும்பங்களுள் ஜர்னைல் சிங்கின் குடும்பமும் ஒன்று. அப்போது அவருக்கு வயது 11. அக்குடும்பம் ஹோசியார்பூர் மாவட்டத்தில் உள்ள பனாம் என்னும் கிராமத்தில் குடியேறியது.

மாகில்பூர்

பனாமுக்கு அருகிலுள்ள சிற்றூர் மாகில்பூர். பஞ்சாபில் வளைகோல் பந்தாட்டமும் மற்போரும் செல்வாக்குப் பெற்றிருந்த காலத்தில், மாகில்பூர் வட்டாரம் மட்டும் காற்பந்தின் விளைநிலமாக வளர்ந்தது. அங்குள்ள கால்சா கல்லூரி இதற்கு முக்கிய காரணமாகும். 1952 முதல் 1956 வரை அக்கல்லூரியில் பயின்ற ஜர்னைல் சிங் கல்லூரி அணியில் ஆடினார். பின்னர் ஹோசியார்பூரின் கால்சா விளையாட்டுக் கழகத்துக்காக ஆடினார்.

கொல்கத்தாவில்

அக்கால இந்தியக் காற்பந்தின் தலைநகரம் கொல்கத்தா. நாட்டின் எப்பகுதியைச் சேர்ந்த வீரரும் புகழ்பெற வேண்டுமானால் கொல்கத்தா மைதானத்தில் ஆடியாக வேண்டும் என்ற நிலை இருந்தது. கழகங்கள் பெயரளவில் தொழில்முறை சாராதவையாகவே இயங்கின. இன்றைய பொருளிலான ஒப்பந்தமும் ஊதியமும் அப்போது வழக்கில் இல்லை. வீரர்கள் பெரும்பாலும் இரயில்வே, துறைமுகம், அரசு அலுவலகங்கள் ஆகியவற்றில் வேலை பார்த்துக்கொண்டே ஆடினர்.

ஜர்னைல் சிங் முதலில் கொல்கத்தாவின் ராஜஸ்தான் கழகத்தில் சேர்ந்தார். 1959இல் மோகன் பகானுக்கு மாறினார். அடுத்த பத்தாண்டுகளின் பெரும்பகுதியை அக்கழகத்திலேயே கழித்தார். மோகன் பகான் 1962 முதல் 1965 வரை தொடர்ந்து நான்கு ஆண்டுகள் கொல்கத்தா லீக் பட்டத்தையும், 1963, 1964, 1965 ஆகிய மூன்று ஆண்டுகளும் டியூரண்ட் கோப்பையையும் வென்றது இக்காலத்திலேயே ஆகும். சுனி கோஸ்வாமி முன்களத்திலும் ஜர்னைல் சிங் பின்களத்திலும் அவ்வணியின் இரு தூண்களாக விளங்கினர்.

ஆட்ட முறை

ஜர்னைல் சிங் ஆடிய இடம் 'ஸ்டாப்பர்' என வழங்கப்பட்டது. பின்களத்தின் நடுவில் நின்று, எதிரணியின் மைய முன்கள வீரரைத் தடுப்பதே அவ்விடத்தில் ஆடுபவரின் பணி. உயரமும் கட்டுடலும் கொண்ட இவர், உயரத்தில் வரும் பந்தைத் தலையால் முட்டி அகற்றுவதிலும், காலில் பந்துடன் வருபவரை அஞ்சாமல் எதிர்கொள்வதிலும் பெயர் பெற்றிருந்தார்.

1950களின் தொடக்கம் வரை இந்திய வீரர்கள் பலர் வெறுங்காலுடன் ஆடி வந்தனர். காலணி அணிந்து ஆடும் முறை பரவியபின் உடல் வலிமைக்கும் நேரடி மோதலுக்கும் ஆட்டத்தில் இடம் கூடியது. அந்த மாற்றத்திற்குப் பின் வளர்ந்த தலைமுறையைச் சேர்ந்தவர் ஜர்னைல் சிங். உள்நாட்டு ஆட்டங்கள் அக்காலத்தில் 70 நிமிடங்களே நடைபெற்றன. ஆயினும் பன்னாட்டு ஆட்டங்களின் 90 நிமிடங்களிலும் தளராமல் ஆடக்கூடியவர் என இவர் மதிக்கப்பட்டார்.

ரோம் ஒலிம்பிக், 1960

1960 ரோம் ஒலிம்பிக் போட்டிகளில் ஆடிய இந்திய அணியில் ஜர்னைல் சிங் இடம்பெற்றார். சையத் அப்துல் ரகீம் அணியின் பயிற்றுநராகவும், பி. கே. பானர்ஜி தலைவராகவும் இருந்தனர். தமிழ்நாட்டின் சைமன் சுந்தரராஜும் அவ்வணியில் இருந்தார். இந்தியா அங்கேரியிடம் 1-2 என்ற கணக்கில் தோற்றது. பிரான்சுடன் 1-1 எனச் சமநிலை கண்டது. பெருவிடம் 1-3 எனத் தோற்று முதற்சுற்றிலேயே வெளியேறியது. இந்தியக் காற்பந்து அணி ஒலிம்பிக்கில் ஆடியது அதுவே கடைசி முறையாகும். இருப்பினும் அங்கேரி, பிரான்சு அணிகளுக்கு எதிரான ஆட்டங்கள் இந்தியப் பின்களத்தின் தரத்தைக் காட்டின.

ஜகார்த்தா, 1962

1962 ஆசிய விளையாட்டுப் போட்டிகளின் முதல் ஆட்டத்தில் இந்தியா தென்கொரியாவிடம் 0-2 எனத் தோற்றது. அடுத்த ஆட்டத்தில் தாய்லாந்தை 4-1 என வென்றது. அவ்வாட்டத்தில் ஜர்னைல் சிங்குக்குத் தலையில் காயம் ஏற்பட்டுத் தையல் போடப்பட்டது. ஜப்பானை 2-0 என வென்று இந்தியா அரையிறுதிக்குத் தகுதி பெற்றது.

அன்றைய விதிகளில் ஆட்டத்தின் நடுவே மாற்று வீரரை இறக்க இயலாது. தலையில் தையலுடன் உள்ள ஒருவரை, ஓயாமல் பந்தைத் தலையால் முட்ட வேண்டிய பின்கள நடுவில் நிறுத்துவது பெரும் இடராக இருந்தது. அவரை முற்றிலும் விலக்கி வைக்கவும் ரகீம் விரும்பவில்லை. எனவே அவரை மைய முன்கள வீரராக நிறுத்தினார். அருண் கோஷ், சந்திரசேகர், திரிலோக் சிங் ஆகியோர் பின்களத்தைப் பார்த்துக்கொண்டனர். அரையிறுதியில் தென்வியட்நாமை இந்தியா 3-2 என வென்றது. சுனி கோஸ்வாமி இரு கோல்களும் ஜர்னைல் சிங் ஒரு கோலும் அடித்தனர்.

இறுதி ஆட்டத்தின் சூழல் விளையாட்டுக்கு அப்பாற்பட்ட காரணங்களால் கொதித்திருந்தது. போட்டியை நடத்திய இந்தோனேசியா, இஸ்ரேல், தாய்வான் அணிகளுக்கு நுழைவு அனுமதி வழங்கவில்லை. ஆசிய விளையாட்டுப் போட்டிகளைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவரான இந்தியர் ஜி. டி. சோந்தி இதைக் கண்டித்து, அப்போட்டிகளுக்கு 'ஆசிய விளையாட்டு' என்ற பெயர் பொருந்தாது என வாதிட்டார். இதனால் சினமுற்ற கூட்டம் ஜகார்த்தாவில் உள்ள இந்தியத் தூதரகத்தைத் தாக்கியது.

1962 செப்டம்பர் 4 அன்று, ஏறத்தாழ ஒரு இலட்சம் பேர் திரண்ட செனாயன் அரங்கில், முதல் ஆட்டத்தில் தங்களை வென்ற தென்கொரியாவை இந்தியா மீண்டும் சந்தித்தது. இந்திய நாட்டுப்பண் இசைக்கப்பட்டபோதும் பார்வையாளர்கள் கூச்சலிட்டனர். அவ்வளவு பெரிய கூட்டத்தில் இந்தியாவுக்கு ஆதரவாக ஒலித்த குரல்கள், அங்கிருந்த பாகிஸ்தான் வளைகோல் பந்தாட்ட வீரர்களுடையவை என இந்திய வீரர்கள் பின்னாளில் நினைவுகூர்ந்துள்ளனர். அதே போட்டிகளில் வளைகோல் பந்தாட்டத் தங்கத்துக்காக இந்தியாவைத் தோற்கடித்தவர்கள் அவர்களே. பதினைந்து ஆண்டுகளுக்கு முன் லயால்பூரை விட்டு அகதியாக வெளியேறிய ஒருவர் அன்று இந்தியாவின் மைய முன்கள வீரராகக் களத்தில் நின்றார்.

17ஆவது நிமிடத்தில் பி. கே. பானர்ஜி முதல் கோலை அடித்தார். 20ஆவது நிமிடத்தில் ஜர்னைல் சிங் இரண்டாவது கோலை அடித்தார். தென்கொரியா ஆட்டத்தின் இறுதிக் கட்டத்தில் ஒரு கோலைத் திருப்பியது. உடல்நலக் குறைவிலிருந்து மீண்டு கோல் காத்த பீட்டர் தங்கராஜ் அதற்குமேல் இடம் கொடுக்கவில்லை. இவர் நீலகிரி மாவட்டம் வெலிங்டனில் உள்ள சென்னைப் படையணி மையத்துக்காக ஆடி உருவான வீரர் ஆவார். இந்தியா 2-1 என வென்றது. 1951க்குப் பின் ஆசிய விளையாட்டுக் காற்பந்தில் இந்தியா பெற்ற இரண்டாவது தங்கம் இது. 1970இல் பெற்ற வெண்கலத்தைத் தவிர, அதன்பின் 2023 வரை நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் காற்பந்தில் இந்தியா பதக்கம் பெறவில்லை. பயிற்றுநர் ரகீம் அடுத்த ஆண்டு சூன் மாதம் புற்றுநோயால் காலமானார்.

அணித்தலைவர்

1964இல் இஸ்ரேலில் நான்கு அணிகள் பங்கேற்ற ஆசியக் கோப்பைப் போட்டியில் இந்தியா தென்கொரியாவையும் ஹாங்காங்கையும் வென்று, இஸ்ரேலிடம் தோற்று இரண்டாம் இடம் பெற்றது. ஆசியக் கோப்பையில் இந்தியா எட்டிய மிக உயர்ந்த இடம் இதுவே. சுனி கோஸ்வாமி பன்னாட்டு ஆட்டங்களிலிருந்து ஓய்வு பெற்றபின் ஜர்னைல் சிங் அணித்தலைவரானார். கோலாலம்பூரில் நடைபெற்ற மெர்டேக்கா போட்டிகளில் 1965, 1966 ஆகிய ஆண்டுகளில் இந்தியா மூன்றாம் இடம் பெற்றது. 1966 பாங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் முதற்சுற்றைத் தாண்டவில்லை. ரகீமின் மறைவுக்குப் பின் இந்திய அணி மெல்லச் சரிந்த காலம் இது. ஆனால் ஜர்னைல் சிங்கின் தனிப்பட்ட மதிப்பு குறையவில்லை. ஆசியாவின் சிறந்த வீரர்களைக் கொண்டு அமைக்கப்பட்ட ஆசிய நட்சத்திர அணிக்குத் தலைவராக இவர் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

பயிற்றுநராகவும் அதிகாரியாகவும்

ஆட்டத்திலிருந்து ஒதுங்கியபின் ஜர்னைல் சிங் பஞ்சாபுக்குத் திரும்பி மாநில அரசின் விளையாட்டுத் துறையில் பணியாற்றினார். 1974இல் ஜலந்தரில் நடைபெற்ற சந்தோஷ் கோப்பைப் போட்டியில் பஞ்சாப் அணிக்குப் பயிற்சி அளித்தார். இந்தர் சிங்கின் கோல் மழையால் பெயர்பெற்ற அவ்வணி, இறுதி ஆட்டத்தில் வங்காளத்தை 6-0 என்ற கணக்கில் வென்றது. தமக்குப் புகழ் தந்த வங்காளத்தையே இவர் பயிற்றுவித்த அணி இவ்வளவு பெரிய வேறுபாட்டில் வென்றது குறிப்பிடத்தக்கது.

மறைவு

ஹோசியார்பூர், ஜலந்தர் வட்டாரத்திலிருந்து கனடாவின் பிரித்தானிய கொலம்பியாவுக்குச் சீக்கியர் குடிபெயர்வது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே நிகழ்ந்து வருகிறது. ஜர்னைல் சிங்கும் தம் வாழ்வின் இறுதியில் அங்கு சென்றார். 2000 அக்டோபர் 13 அன்று வான்கூவரில் தமது 64ஆவது வயதில் காலமானார்.

மதிப்பீடு

இந்தியா உருவாக்கிய மிகச் சிறந்த தடுப்பாட்டக்காரர்களுள் ஒருவராக ஜர்னைல் சிங் கருதப்படுகிறார். ரகீமின் வாழ்வை அடிப்படையாகக் கொண்டு 2024இல் வெளிவந்த 'மைதான்' என்னும் இந்தித் திரைப்படத்தில் இவரும் ஒரு பாத்திரமாக இடம்பெறுகிறார். கோல்களைத் தடுப்பதையே பணியாகக் கொண்டிருந்த இவரைப் பற்றி இன்று அதிகம் பேசப்படுவது, இவர் அடித்த இரு கோல்களே ஆகும். கால்வாய்ப் பாசனத்துக்காகக் குடியேறி, நாட்டுப் பிரிவினையில் வீடிழந்து, பின் கடல் கடந்த பஞ்சாபி உழவர் சமூகத்தின் ஒரு நூற்றாண்டு வரலாறும் இவரது வாழ்க்கையில் அடங்கியுள்ளது.