இருபத்தைந்து அடிகளை வாசித்த காரைதீவார்

1892 ஆம் ஆண்டில் தமிழுக்கு இரண்டு நன்மைகள் விளைந்தன. உ. வே. சாமிநாதையர் சிலப்பதிகாரத்தை அடியார்க்குநல்லார் உரையுடன் அச்சிட்டு வெளியிட்டார். எமக்கு அயலூரான காரைதீவில் சாமித்தம்பி, கண்ணம்மை தம்பதியருக்கு ஒரு மகன் பிறந்தார். மயில்வாகனம் என்ற பெயரில் வளர்ந்த அந்தப் பிள்ளையே பிற்காலத்தில் சுவாமி விபுலாநந்தர். அந்த நூலும் இந்தப் பிள்ளையும் பின்னர் சந்தித்த கதையைத்தான் எழுத வந்தேன்.

சாய்ந்தமருதையும் மாளிகைக்காட்டையும் தாண்டினால் காரைதீவு, அதைத் தாண்டினால் நிந்தவூர். இந்த வீதியில் பள்ளிக்கூடம் போய் வந்த எமக்கெல்லாம் சுவாமிகளின் பெயர் சிறுவயதிலிருந்தே பழக்கம். அவருடைய நினைவு நாளில் யாரோ எழுதிக் கொடுத்த பேச்சை மனப்பாடம் செய்து மேடையில் ஒப்புவித்துப் பரிசு வாங்கியவர்கள் நம்மில் பலர். மனப்பாடத்தோடு நின்றுவிடாத ஒரு மனிதரை மனப்பாடத்தாலேயே கொண்டாடி வந்திருக்கிறோம். இந்த நூற்றாண்டு மலரிலாவது அவர் எப்படி வாசித்தார் என்பதைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

ஊரில் பெரியோரிடம் தமிழும் வடமொழியும் கேட்டார். கல்முனை மெதடிஸ்த ஆங்கிலப் பாடசாலையிலும் பிறகு மட்டக்களப்பு புனித மைக்கேல் கல்லூரியிலும் ஆங்கிலமும் கணிதமும் படித்தார். 1911 இல் கொழும்பு அரசினர் ஆசிரிய கலாசாலையில் சேர்ந்தார். இதுவரை அந்தக் காலத்தில் கெட்டிக்காரப் பிள்ளைகள் பலர் போன வழிதான். 1916 இல் நடந்ததுதான் விசேஷம். ஒரே ஆண்டில் கொழும்பு தொழில்நுட்பக் கல்லூரியில் விஞ்ஞான டிப்ளோமாவும் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பட்டமும் பெற்றார். இலங்கையிலிருந்து அப்பண்டிதர் பரீட்சையில் முதலில் தேறியவர் அவரே. அடுத்த ஆண்டு யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞான ஆசிரியரானார். அங்கே கற்பித்துக்கொண்டே 1920 இல் லண்டன் பல்கலைக்கழக பி.எஸ்சி. பட்டத்தை எடுத்தார். பகலில் வகுப்பு, மிஞ்சிய நேரத்தில் புத்தகம். விரிவுரை மண்டபமும் இல்லை, குறிப்புச் சொல்ல ஆளும் இல்லை. புத்தகத்திடமிருந்தே கற்றுக்கொள்ளத் தெரியாதவரால் அது முடிகிற காரியமல்ல.

பிறகு சிறிது காலம் மானிப்பாய் இந்துக் கல்லூரி அதிபர். 1922 இல் சென்னை இராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்தார். 1924 இல் துறவு ஏற்று விபுலாநந்தரானார். ஊர் திரும்பி மிஷன் பாடசாலைகளைப் பொறுப்பேற்றார். 1929 இல் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தைத் திறந்தார். 1931 இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும், 1943 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியர் பதவி ஏற்றார். 1942 இல் உதவி அரசாங்க அதிபராகக் கல்முனைக்கு வந்த ஏ. எம். ஏ. அஸீஸ் அவர்களும் சுவாமிகளும் நெருங்கிப் பழகியதை எம் பெரியவர்கள் இன்றும் பெருமையாகச் சொல்வார்கள்.

இனி அந்தச் சந்திப்பு. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் யாழாசிரியனைப் பற்றி வருவது 25 அடிகள். யாழ் என்ற கருவியோ வழக்கொழிந்து பல நூற்றாண்டுகள் ஆகிவிட்டன. கண்ணால் கண்டவர் இல்லை, காதால் கேட்டவரும் இல்லை. உரையாசிரியர் காலத்திலேயே பழைய இசைநூல்கள் பல அழிந்துவிட்டன. வித்துவான்களும் தயங்கி நின்ற அந்த 25 அடிகளோடு சுவாமிகள் பத்து ஆண்டுகளுக்கு மேல் இருந்தார்.

என்ன செய்தார் என்பதற்கு யாழ் நூலே சாட்சி. ஓரிடத்தில் விளங்காத சொல்லுக்கு வேறு நூல்களில் வெளிச்சம் தேடினார். யாழின் உறுப்புக்களுக்காகப் பத்துப்பாட்டில் வரும் ஆற்றுப்படைகளைத் துருவினார். பொருநராற்றுப்படை யாழின் பத்தரை மானின் குளம்புச் சுவட்டுக்கு ஒப்பிடும். தோற்போர்வையின் தையலை, இளஞ்சூல் கொண்டவளின் வயிற்றில் ஓடும் மெல்லிய மயிர் ஒழுங்குக்கு ஒப்பிடும். கர்ப்பிணித் தாய்மாரைப் பரிசோதிக்கும் எனக்கு அந்த இடம் வந்ததும் கருவி கண்முன் நின்றது! புலவர் அலங்காரமாகச் சொன்னதைச் சுவாமிகள் அளவும் வடிவமும் தரும் தகவலாக வாசித்தார்.

அடுத்தது, பென்சிலோடு வாசித்தது. குரல் என்ற நரம்புக்கு இளி என்ன உறவு? குரல் ஒலிக்கும் தந்தியை மூன்றில் இரண்டு பங்கு நீளமாக்கினால் இளி ஒலிக்கும். இப்படி ஒன்றிலிருந்து ஒன்றாக ஏழு நரம்புகளையும் பிடிக்கலாம். ஆய்ச்சியர் குரவையில் மாதரி ஏழு பெண்பிள்ளைகளுக்கு ஏழு சுரங்களின் பெயரிட்டு வட்டமாக நிறுத்துவாள். ஆட்டக் காட்சி என்று நாங்கள் தாண்டிப் போன அந்த வட்டத்துக்குள் ஓர் இசைக் கணக்கு இருந்தது. பௌதிகம் படித்த விஞ்ஞான ஆசிரியரும் மதுரைப் பண்டிதரும் ஒரே ஆளாக இருந்ததால் கிடைத்த பயன் இது.

மூன்றாவது, படித்ததைத் தன் மொழியில் திருப்பிச் சொல்வது. 1926 இல் வெளிவந்த மதங்க சூளாமணியில் சேக்ஸ்பியரின் நாடகங்களைத் தமிழ் நாடக இலக்கணத்தின் கண்கொண்டு விளக்கினார். 1936 இல் சென்னையில் கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். விஞ்ஞானத்தைத் தமிழில் நாம் படிக்க முடிந்ததில் அந்த முயற்சிக்கும் ஒரு பங்கு உண்டு.

எம் பிள்ளைகள் உயர்தரம் வரை தமிழில் படித்துவிட்டு மருத்துவ பீடத்தில் தலையணை போன்ற ஆங்கில நூலின் முன் உட்காருகிறார்கள். ரியூசன் நோட்டும் கடந்தகால வினாத்தாளும் அந்த வாசலோடு நின்றுவிடும். கெட்டிக்காரப் பிள்ளைகள் அங்கே அழுவதைப் பார்த்திருக்கிறேன். அறிவில் குறைவில்லை, ஒரு பக்கத்தைத் தனியாக வாசித்துப் பழக்கமில்லை, அவ்வளவுதான். என்னிடம் வருகிறவர்களுக்கு நான் சொல்வது சுவாமிகள் செய்ததையே. ஒரு பக்கத்தை வாசி, புத்தகத்தை மூடு, படம் வரை, பிறகு வீட்டில் உம்மாவுக்கு விளங்குகிற மாதிரித் தமிழில் சொல்லிப் பார். எங்கே வாய் தடுமாறுகிறதோ அந்த இடத்துக்குத் திரும்பிப் போ. முதல் மாதம் மிக மெதுவாகத்தான் போகும். ஒரு நாளைக்கு மூன்று பக்கம் என்றாலும் பரவாயில்லை. வெளிநாடுகளில் இருக்கும் தோழியர் தங்கள் பிள்ளைகளிடமும் இதைச் செய்து பார்க்கலாம்.

யாழ் நூலின் முடிவுகள் எல்லாவற்றையும் பிற்கால இசை ஆய்வாளர்கள் ஏற்றுக்கொள்ளவில்லை. ஆனால் கணக்கை வழியோடு எழுதி வைத்திருக்கிறார், ஆகவே அவர்களால் அவரோடு வாதிட முடிந்தது. விடையை மட்டும் எழுதியிருந்தால் நம்புவதைத் தவிர வேறு வழி இருந்திராது.

1947 ஜூன் மாதம் திருக்கொள்ளம்பூதூர் ஆலயத்தில், கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் ஆதரவில் யாழ் நூல் அரங்கேறியது. அவர் கணித்தபடி செய்யப்பட்ட கருவிகள் ஊர்வலமாக எடுத்து வரப்பட்டன. உடல் தளர்ந்த நிலையில் அதைப் பார்த்துவிட்டுத் திரும்பியவர், ஜூலை 19 ஆம் திகதி கொழும்பில் காலமானார். கல்லடியில், அவர் திறந்த பாடசாலை வளவிலேயே அடக்கம் செய்தார்கள்.