சவிதா அம்பேத்கர்: விடுபட்ட முன்னுரையும் விடாத பழியும்

1990 ஏப்ரல் 14. பாபாசாகேப் அம்பேத்கரின் நூற்றாண்டு தொடங்கிய நாள். அவர் மறைந்து முப்பத்து மூன்று ஆண்டுகள் கடந்த பின் அவருக்கு வழங்கப்பட்ட பாரத ரத்னா விருதை, குடியரசுத் தலைவர் ஆர்.வெங்கட்ராமனிடமிருந்து எண்பது வயதைக் கடந்த ஒரு பெண்மணி பெற்றுக்கொண்டார். அவர் பெயர் சவிதா அம்பேத்கர். மராட்டிய மக்கள் அவரை மாயிசாகேப் என்று அழைத்தனர். அம்பேத்கரின் சட்டப்படியான மனைவி அந்த விருதைப் பெறுவதில் வியப்பேதும் இல்லை. ஆயினும் அம்பேத்கரை உயிரினும் மேலாகப் போற்றிய மக்களில் ஒரு பெரும்பகுதியினர் அப்பெண்மணியைப் பல்லாண்டுகள் கொலைகாரி என்றே கருதினர். இன்றும் சமூக வலைத்தளங்களில் அந்தக் குற்றச்சாட்டு ஆண்டுதோறும் டிசம்பர் 6ஆம் நாள் உயிர்பெறுகிறது.

அந்தக் குற்றச்சாட்டுக்குச் சான்று உண்டா? இல்லையெனில் அது எவ்வாறு இத்தனை காலம் நிலைத்தது? சாதி ஒழிப்பை இலக்காகக் கொண்ட நம் இயக்கம் நேர்மையுடன் எதிர்கொள்ள வேண்டிய கேள்விகள் இவை.

சவிதாவின் இயற்பெயர் சாரதா. 1909 சனவரி 27 அன்று பம்பாயில் கபீர் என்னும் குடும்பப்பெயர் கொண்ட சாரஸ்வத் பார்ப்பனக் குடும்பத்தில் பிறந்தார். குடும்பத்தின் பூர்விகம் கொங்கண் பகுதியின் இரத்தினகிரி மாவட்டம். பார்ப்பனக் குடும்பம் எனினும் வழக்கமான ஆசாரக் குடும்பம் அன்று. உடன்பிறந்த எண்மரில் அறுவர் சாதி மறுப்புத் திருமணம் செய்துகொண்டவர்கள் என்று பின்னாளில் அவரே பதிவு செய்துள்ளார். பம்பாய் கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். பட்டம் பெற்றார். பெண்கள் கல்லூரி வாசலை மிதிப்பதே அரிதாயிருந்த 1930களில் அது சிறிய செய்தி அன்று. சில காலம் குஜராத்தில் மருத்துவ அலுவலராகப் பணியாற்றிய பின் பம்பாய் திரும்பி, புகழ்பெற்ற மருத்துவர் மால்வங்கரின் மருத்துவமனையில் பணியில் சேர்ந்தார்.

அம்பேத்கரை அவர் முதன்முதலாகச் சந்தித்தது 1947இல், இருவருக்கும் பொதுவான நண்பர் ஒருவரின் இல்லத்தில். அவ்வாண்டு ஆகஸ்டு 29 அன்று அரசமைப்புச் சட்ட வரைவுக்குழு அமைக்கப்பட்டு, அதன் தலைமைப் பொறுப்பு அம்பேத்கரிடம் வந்தது. உலகின் மிக நீண்ட அரசமைப்புச் சட்டங்களுள் ஒன்றை வரைந்துகொண்டிருந்த அம்மனிதரின் உடல் ஏற்கெனவே நொறுங்கியிருந்தது. நீரிழிவு, அதன் விளைவான நரம்பு வலி, இரத்த அழுத்தம், கால்களில் தாங்கவொண்ணா வேதனை, உறக்கமின்மை. மருத்துவம் பெற அவர் பம்பாயில் மால்வங்கரை நாடினார். அங்கே மருத்துவர் சாரதா கபீரும் அவரைக் கவனித்துக்கொண்டார்.

முதல் மனைவி இரமாபாய் 1935 மே 27 அன்று மறைந்த பின் மறுமணம் செய்வதில்லை என்று அம்பேத்கர் உறுதிபூண்டிருந்தார். உடலைத் தொடர்ந்து கவனிக்க மருத்துவம் அறிந்த ஒருவர் வீட்டிலேயே இருந்தாக வேண்டும் என மருத்துவர்கள் வற்புறுத்தினர். மணமாகாத ஒரு பெண் உடன் தங்கினால் அவர் மீது ஊர் அவதூறு பேசும். ஆகவே திருமணமே முறையான வழி என்ற முடிவுக்கு வந்ததைத் தம் நெருங்கிய தோழர் தாதாசாகேப் கெய்க்வாடுக்கு 1948 மார்ச்சில் எழுதிய கடிதத்தில் அம்பேத்கர் விளக்கினார். 1948 ஏப்ரல் 15 அன்று புதுதில்லி ஹார்டிங் அவென்யூ இல்லத்தில் பதிவுத் திருமணம் நடந்தது. மணமகனுக்கு வயது 57, மணமகளுக்கு 39. சாரதா அன்றுமுதல் சவிதா அம்பேத்கர் ஆனார்.

அன்றைய இந்துச் சட்டப்படி வெவ்வேறு வருணத்தாரிடையே நடக்கும் திருமணத்தின் செல்லுபடி நீதிமன்றங்களில் கேள்விக்கு உரியதாகவே இருந்தது. இந்துக்களிடையே சாதி கடந்த திருமணங்கள் செல்லும் என்று பொதுவாக அறிவித்த இந்துத் திருமணங்கள் செல்லுபடியாக்கச் சட்டம் 1949இல்தான் வந்தது. நாட்டின் முதல் சட்ட அமைச்சர் அதற்கு ஓராண்டு முன்னரே சடங்கு எதுவுமின்றிப் பதிவுத் திருமணம் செய்துகொண்டார். மேலும், சாதியை உடைக்கும் மெய்யான மருந்து கலப்பு மணமே என்று 1936இல் ‘சாதி ஒழிப்பு’ உரையில் வாதிட்டவர் அவர். அவ்வாதத்தைத் தம் வாழ்விலேயே நிறைவேற்றினார். ஆனால் அத்திருமணத்தைச் சாதி இந்துக்கள் மட்டுமல்லாமல் அவருடைய தொண்டர்களில் பலரும் ஏற்க மனமின்றித் தவித்தனர்.

அடுத்த எட்டரை ஆண்டுகள் சவிதாவின் பணி வீட்டுக்குள்தான் பெரிதும் நடந்தது. இன்சுலின் செலுத்துவது, உணவைக் கட்டுப்படுத்துவது, உறங்கவைப்பது, பார்வையாளர்களின் நேரத்தைக் குறைப்பது. இதன் பயனாகக் கிடைத்த காலத்தில் அம்பேத்கர் செய்தவற்றை எண்ணிப் பாருங்கள். 1948 நவம்பரில் வரைவு அரசமைப்புச் சட்டத்தை அவையில் முன்வைத்து ஓராண்டு முழுவதும் அதற்காக வாதாடினார். இந்து சட்டத் தொகுப்பு மசோதாவுக்காகப் போராடி, அது கைவிடப்பட்டபோது 1951 செப்டம்பரில் அமைச்சர் பதவியைத் துறந்தார். 1952 பொதுத்தேர்தலிலும் 1954 பண்டாரா இடைத்தேர்தலிலும் தோல்வியைச் சந்தித்தார். பௌத்தம் குறித்த ஆய்வில் மூழ்கினார். 1950இல் கொழும்பில் நடந்த உலக பௌத்த மாநாட்டுக்கும் 1956 நவம்பரில் காத்மாண்டு மாநாட்டுக்கும் சவிதா உடன் சென்றார்.

நோயாளியைக் காக்கும் மருத்துவர் வாசலில் நின்று ஆட்களைத் தடுத்தே ஆக வேண்டும். ஆனால் அந்த நோயாளி கோடிக்கணக்கான மக்களின் தலைவர். நெடுந்தொலைவிலிருந்து வந்து தலைவரைக் காணாமல் திரும்பிய தொண்டருக்கு அந்தத் தடை மருத்துவமாகத் தெரியவில்லை. பார்ப்பனப் பெண் ஒருத்தி தம் தலைவரைத் தம்மிடமிருந்து பிரிக்கிறாள் என்றே தெரிந்தது. பின்னாளில் வெடித்த ஐயத்தின் விதை இங்கேதான் விழுந்தது.

1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில், மூத்த பிக்கு சந்திரமணியிடம் அம்பேத்கர் பௌத்தம் ஏற்றபோது உடன் நின்று சவிதாவும் தீக்கை பெற்றார். அதன் பின்னரே அம்பேத்கர் தம் முன் திரண்டிருந்த இலட்சக்கணக்கான மக்களுக்கு 22 உறுதிமொழிகளை வழங்கினார். அவ்வகையில், அந்த வரலாற்றுப் பெருநிகழ்வில் பௌத்தம் தழுவிய முதல் பெண் சவிதாவே. பிறப்பால் கிடைத்த சாதியையும் மதத்தையும் அவர் மக்கள் முன்னிலையில் துறந்தார். ஆனால் இயக்கத்தின் நினைவில் அவர் கடைசிவரை பார்ப்பனப் பெண்ணாகவே நீடித்தார்.

இரண்டு மாதங்கள்கூட நிறையவில்லை. டிசம்பர் 6 அதிகாலை, தில்லி அலிப்பூர் சாலை 26ஆம் எண் இல்லத்தில் அம்பேத்கர் உறக்கத்திலேயே உயிர்நீத்தார். மறுநாள் பம்பாய் தாதர் கடற்கரையில் மாபெரும் மக்கள் கடலின் நடுவே பௌத்த முறைப்படி அவர் உடல் எரியூட்டப்பட்டது. துயரம் தணியும் முன்பே ஐயம் எழுந்தது. மனைவியே மருத்துவர், மனைவியே காவல், மனைவி பிறப்பால் பார்ப்பனர். இம்மூன்றும் சேர்ந்து நஞ்சு என்ற சொல்லாக உருக்கொண்டன. விசாரணை கோரி நாடாளுமன்ற உறுப்பினர்கள் குரல் எழுப்பினர். நேரு அரசு விசாரணை நடத்தியது. மரணம் இயற்கையானதே என்று உள்துறை அமைச்சர் கோவிந்த் வல்லப் பந்த் நாடாளுமன்றத்தில் அறிவித்தார்.

அரசு விசாரணையை ஐயத்தோடு நோக்கும் பழக்கம் நமக்கு உண்டு. அது தவறும் அன்று. காவல்துறை அறிக்கைகள் எத்தனை வன்கொடுமைகளை இயற்கை மரணமாக எழுதி முடித்திருக்கின்றன என்பதை வழக்காடும் எங்களைப் போன்றோர் நன்கறிவோம். ஆயினும் அறிக்கையை ஐயுறுவதும், ஐயத்தையே தீர்ப்பாக்குவதும் வெவ்வேறு செயல்கள். குற்றம் சாட்டுவோரே அதை மெய்ப்பிக்க வேண்டும் என்பது சான்றுச் சட்டத்தின் அரிச்சுவடி. தாம் செய்யாத ஒன்றைச் செய்யவில்லை என்று ஒருவர் எவ்வாறு மெய்ப்பிக்க இயலும்? பத்தாண்டுகளுக்கும் மேலாக நோயுற்று, உடல் முற்றிலும் தளர்ந்திருந்த 65 வயது மனிதரின் மரணத்துக்கு நஞ்சைத் தேட வேண்டிய தேவை மருத்துவத்தில் இல்லை. அத்தேவை அரசியலில் இருந்தது. தலைவரை இழந்த இயக்கம் 1957இல் குடியரசுக் கட்சியாக உருப்பெற்று, விரைவில் பிளவுகளுக்கு உள்ளாயிற்று. தலைவரின் பெயரோடு வாழ்ந்த அவருடைய மனைவி அரசியல் வாரிசாக எழுந்துவிடக்கூடாது என்ற கணக்கும் அந்தப் பழியைத் தழைக்கவைத்தது எனக் கருத இடமுண்டு.

இவ்வழக்கில் நாம் புறந்தள்ள முடியாத சான்றாவணம் ஒன்று உள்ளது. ‘புத்தரும் அவர் தம்மமும்’ நூலுக்கு 1956 மார்ச் 15 அன்று அம்பேத்கர் ஒரு முன்னுரை எழுதினார். இடையில் நோய் முற்றி உயிர் ஊசலாடிய கட்டத்தையும், தம் மனைவியும் மருத்துவர் மால்வங்கரும் காட்டிய திறத்தால் தாம் பிழைத்து நூலை முடிக்க இயன்றதையும் அதில் நன்றியோடு குறிப்பிட்டார். அவர் மறைந்த பின் 1957இல் நூல் வெளிவந்தபோது அந்த முன்னுரை அதில் இடம்பெறவில்லை. 1980இல் அறிஞர் பகவான் தாஸ் அம்பேத்கரின் அரிய முன்னுரைகளைத் தொகுத்து வெளியிட்டபோதுதான் அது பலருடைய பார்வைக்கு வந்தது. இடைப்பட்ட 23 ஆண்டுகள், இறந்தவர் தம் மனைவிக்காக எழுதிவைத்த சாட்சியம் மக்கள் மன்றத்துக்கு வரவேயில்லை. பழி மட்டும் பரவியது.

கணவரின் மறைவுக்குப் பின் சவிதா தில்லியில் ஒதுங்கி வாழ்ந்தார். நாடாளுமன்ற மேலவை உறுப்பினர் பதவி தேடிவந்தபோதும் மறுத்துவிட்டார். காங்கிரசின் தயவில் பதவி பெறுவது கணவரின் அரசியலுக்கு இழுக்கு என்பது அவர் நிலைப்பாடு. 1970களில் தலித் சிறுத்தைகள் எழுச்சியோடு வளர்ந்த புதிய தலைமுறைதான் அவரை மீண்டும் மக்களிடம் அழைத்து வந்தது. முந்தைய தலைமுறையின் பகையைச் சுமக்காத அவ்விளைஞர்கள் அவரை மாயி என்று மேடையேற்றினர். 1990இல் மராத்தியில் அவருடைய வாழ்க்கை நினைவுகள் நூலாயின. பாரத ரத்னா விருது உட்பட, தம்மிடமிருந்த அம்பேத்கரின் உடைமைகளைப் புனேயில் சிம்பயாசிஸ் நிறுவனம் அமைத்த அருங்காட்சியகத்துக்கு வழங்கினார். 2003 மே 29 அன்று மும்பையில் மறைந்தார்.

சவிதா விமர்சனத்துக்கு அப்பாற்பட்டவர் என்று நான் வாதிடவில்லை. அம்பேத்கரின் மகன் யஷ்வந்துடனான உறவு சுமுகமாக அமையவில்லை. பார்வையாளர்களை அவர் நடத்திய முறை பற்றி அம்பேத்கரின் உதவியாளராயிருந்த நானக் சந்த் ரட்டு போன்றோர் கடுமையாக எழுதியுள்ளனர். சவிதாவின் நினைவு நூலோ குற்றம் சாட்டப்பட்டவர் தம் தரப்பைக் கூறும் வாக்குமூலம். இரு தரப்பையும் அவ்வாறே எடைபோட்டுப் படிக்க வேண்டும். ஆனால் கண்டிப்பான மனைவி என்ற விமர்சனத்துக்கும் கொலைகாரி என்ற பழிக்கும் இடையே நெடுந்தொலைவு உள்ளது. அத்தொலைவைச் சான்று கொண்டுதான் கடக்க முடியும். பிறந்த சாதியைக் கொண்டு கடக்கக் கூடாது.

இதில் இரமாபாய்க்கும் அநீதி இழைக்கப்படுகிறது. வறுமையில் பிள்ளைகளைப் பறிகொடுத்து, கணவரின் கல்விக்காகத் தம்மைத் தேய்த்துக்கொண்ட அந்தத் தாயின் வாழ்வு தன்னளவிலேயே பெரியது. அதைச் சவிதாவைத் தாழ்த்தும் அளவுகோலாகப் பயன்படுத்துவோர் இரு பெண்களையுமே சிறுமைப்படுத்துகின்றனர்.

இப்பழைய கதை இன்று ஏன்? சாதி மறுப்புத் திருமணம் செய்த இணையர்களுக்காக நாம் காவல் நிலையங்களில் காத்திருக்கிறோம், நீதிமன்றங்களில் பாதுகாப்புக் கேட்கிறோம். ஆணவக் கொலைகளுக்கு எதிராகத் தனிச்சட்டம் கோருகிறோம். இவையனைத்தும் பெண்ணின் பிறந்த வீட்டுக்கு எதிரான போராட்டம். அப்பெண் நம் தெருவுக்கு வந்த பின் நடப்பதைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. கணவன் நலமாயிருக்கும் வரை அவள் மருமகள். வீட்டில் ஒரு சாவோ பிரிவோ நேர்ந்தால், அவள் எந்தச் சாதியில் பிறந்தாள் என்பது முதல் கேள்வியாகிவிடுகிறது. அனைத்தையும் துறந்து வந்தவளிடம் நாமும் பிறப்புச் சான்றிதழைக் கேட்டால், சாதி ஒழிப்பு என்ற சொல்லை எந்த உரிமையில் உச்சரிக்கிறோம்? சவிதாவுக்கு நேர்ந்தது தனியொரு நிகழ்வாக முடிந்துவிடவில்லை.

கல்லூரி மாணவத் தோழர்களிடம் ஒரு வேண்டுகோள். ‘புத்தரும் அவர் தம்மமும்’ நூல் உங்களில் பலரிடம் இருக்கும். அதில் அந்த 1956 மார்ச் 15 முன்னுரை உள்ளதா என்று புரட்டிப் பாருங்கள். இல்லையெனில் பதிப்பகத்துக்கு எழுதிக் கேளுங்கள். வரும் டிசம்பர் 6 அன்று நஞ்சுக் கதை உங்கள் கைப்பேசிக்கு வரும்போது, அதை அனுப்பியவருக்கு அந்த முன்னுரையைத் திருப்பி அனுப்புங்கள். தம் மனைவியைப் பற்றிப் பாபாசாகேப் என்ன எண்ணினார் என்பதை அவரே எழுதிவைத்திருக்கிறார். அவருக்குப் பதிலாக நாம் தீர்ப்பு எழுத வேண்டியதில்லை.