கைம்மையிலிருந்து கல்விக்கு: சகோதரி சுப்பலட்சுமி அம்மையார்

பூதப்பாண்டியன் தேவியாகிய பெருங்கோப்பெண்டு, கணவனை இழந்தபின் கைம்மை நோன்பை ஏற்க மறுத்துத் தீயில் இறங்கத் துணிந்ததைப் புறநானூறு பதிவு செய்திருக்கிறது. உணவிலும் படுக்கையிலும் கைம்பெண் மேற்கொள்ள வேண்டியிருந்த கடுமைகளைவிடத் தீ அவளுக்கு எளிதாகத் தோன்றியது. தீயைத் தேர்ந்த அரசிக்குப் பெயர் நிலைத்தது. கைம்மையை வாழ்ந்தே கழித்த எண்ணற்ற பெண்களோ பெயரின்றி மறைந்தனர். அவர்களுள் மிகுந்த இரக்கத்திற்குரியவர்கள், கணவன் என்னும் சொல்லின் பொருள் விளங்குமுன்பே அவனை இழந்துவிட்ட சிறுமியர். அத்தகைய சிறுமியருள் ஒருவராக இருந்து, பின் அத்தகைய சிறுமியர் பலருக்குத் தாயும் ஆசிரியருமானவர் சகோதரி சுப்பலட்சுமி அம்மையார்.

பிறப்பும் பேரிழப்பும்

சுப்பலட்சுமி 1886ஆம் ஆண்டு ஆகஸ்டு 18ஆம் நாள் சென்னை மயிலாப்பூரில் பிறந்தார். தந்தை சுப்பிரமணிய ஐயர் சென்னை மாகாணப் பொதுப்பணித் துறையில் பொறியாளர்; தஞ்சை மாவட்டத்து ரிஷியூரைப் பூர்விகமாகக் கொண்டவர். தாயார் விசாலாட்சி அம்மாள். ஒன்பதாம் வயதில் எழுதிய நான்காம் வகுப்புப் பொதுத்தேர்வில் செங்கற்பட்டு மாவட்டத்திலேயே முதலாவதாகத் தேறியவர் இச்சிறுமி. ஆயினும் அக்காலத்து அந்தணர் குடும்பங்களில் பெண்ணின் அறிவுக்கூர்மை அவளது திருமண நாளைத் தள்ளிவைக்கப் போதுமானதாக இருக்கவில்லை. பூப்பெய்துமுன் மணம் முடித்தாக வேண்டும் என்பது மீற இயலாத வழக்கம். ஏறத்தாழ 11 வயதில் சுப்பலட்சுமிக்கு மணம் நடந்தது. சில காலத்திற்குள்ளேயே அம்மணமகன் இறந்துபட்டான்.

இந்த இடத்தில் அக்குடும்பம் எடுத்த முடிவே பின்னர் நிகழ்ந்தவற்றுக்கெல்லாம் வித்து. பெண்ணைச் சமையலறை இருளில் ஒடுக்கிவிடாமல் மேலும் படிக்க வைப்பது என்று பெற்றோர் உறுதி கொண்டனர். தந்தை தாமே ஆங்கிலம் கற்பித்தார். உறவினரும் ஊராரும் கூறிய வசைகளுக்கு அவர் செவி சாய்க்கவில்லை. அவ்வீட்டில் மற்றொரு பெண்ணும் இருந்தார். விசாலாட்சி அம்மாளின் தங்கை வாலாம்பாள், சுப்பலட்சுமிக்குச் சித்தி. அவரும் இளமையிலேயே கைம்மை அடைந்தவர். தமக்குக் கிடைக்காத கல்வி தமக்கை மகளுக்குக் கிடைக்க வேண்டுமென்று, குழந்தைகளின் படிப்பிற்காகச் சென்னையில் அமைந்த இல்லத்தின் பொறுப்பைத் தாம் ஏற்றுக்கொண்டார். அவருடைய உழைப்பின் துணையில்தான் சுப்பலட்சுமியின் புத்தகங்கள் திறந்திருந்தன. ஒரு கைம்பெண் மற்றொரு கைம்பெண்ணை உயர்த்திய கதை இவ்வாறு அவ்வீட்டிற்குள்ளேயே தொடங்கிவிட்டது.

பட்டமும் பாதையும்

கிறித்தவக் கன்னியர் நடத்திய பள்ளியில் பயின்றபோது, தம்மை முழுவதுமாகக் கல்விப் பணிக்கு ஒப்படைத்திருந்த அத்துறவியரின் வாழ்க்கை சுப்பலட்சுமியின் நெஞ்சில் ஆழப் பதிந்தது. அவர் சமயம் மாற விழையவில்லை. தம் சமயத்தில் நின்றே, தம் சமூகத்துப் பெண்களுக்கு அதே ஈடுபாட்டுடன் பணியாற்ற முடியும் என்ற எண்ணம் அவருக்குள் வேரூன்றியது. பின்னாளில் மக்கள் அவரைச் சகோதரி என்று அழைத்தபோது அப்பெயர் அவருக்கு இயல்பாகப் பொருந்திற்று.

சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று 1911ஆம் ஆண்டு அவர் பட்டம் பெற்றார். சென்னை மாகாணத்தில் பட்டம் பெற்ற முதல் இந்துப் பெண் என்ற சிறப்பு அவருக்கு உரியதாயிற்று. மங்கல நிகழ்ச்சிகளில் முன்னே வரக்கூடாதவர் என்று ஒதுக்கப்பட்ட ஒருவர், மாகாணமே திரும்பிப் பார்க்கும் இடத்தில் வந்து நின்றார். அப்புகழோடு நின்றிருந்தால் அவர் வாழ்க்கை ஒரு தனிமனித வெற்றியாக முடிந்திருக்கும். தமக்குக் கிடைத்த தந்தையும் சித்தியும் பிற சிறுமியர்க்கு இல்லை என்பதை அவர் மறக்கவில்லை.

நால்வரோடு தொடங்கிய இல்லம்

கைம்பெண்களுக்கான முயற்சிகள் இந்தியாவின் பிற பகுதிகளில் முன்னரே தோன்றியிருந்தன. மறுமணத்தை அனுமதிக்கும் சட்டம் 1856லேயே வந்துவிட்டது. வீரேசலிங்கம் பந்துலு 1881இல் இராஜமுந்திரியில் கைம்பெண் மறுமணத்தை நடத்திவைத்தார். பண்டித ரமாபாய் 1889இல் பம்பாயில் சாரதா சதனத்தைத் தொடங்கினார். அங்கே முதல் கைம்பெண் மாணவியாகச் சேர்ந்தவரே பின்னர் பேராசிரியர் கார்வேயை மணந்து, அவருடைய மகளிர் கல்விப் பணிக்குத் துணை நின்றார். தமிழில் அ. மாதவையா 1903இல் வெளியிட்ட முத்துமீனாட்சி என்னும் நாவல், ஓர் இளங்கைம்பெண்ணே தன் கதையைக் கூறுவதாக அமைந்து, அவளுடைய மறுமணத்தில் நிறைவுற்றது.

சுப்பலட்சுமி தேர்ந்த வழி இவற்றுள் கல்வியின் வழி. 1912ஆம் ஆண்டு சாரதா மகளிர் சங்கம் உருவாயிற்று. மகளிர் ஒன்றுகூடிக் கருத்துகளைப் பரிமாறவும், ஆதரவற்ற சிறுமியரின் கல்விக்குப் பொருள் திரட்டவும் அது களமானது. எழும்பூரில் தம் குடும்பத்தார் வாழ்ந்த வீட்டிலேயே, நான்கே நான்கு இளங்கைம்பெண்களோடு சாரதா இல்லம் தொடங்கப்பட்டது. வீட்டுப் பொறுப்பு இங்கும் வாலாம்பாள் சித்தியின் தோள்மீதே அமைந்தது. கல்வியைத் தமக்கை மகள் கொடுக்க, சோறும் அரவணைப்பும் சித்தி கொடுத்தார். பிரிந்து வந்த தாயை நினைத்து அழும் சிறுமிக்கு இவ்விரண்டும் ஒருசேரத் தேவைப்பட்டன.

இம்முயற்சிக்கு அரசுத் தரப்பில் கைகொடுத்தவர், பெண்கள் பள்ளிகளின் ஆய்வாளராக இருந்த கிறிஸ்டினா லிஞ்ச் என்னும் அம்மையார். பெண்கல்வி பரவ வேண்டுமாயின் பெண் ஆசிரியர்கள் வேண்டும் என்பது அவர் கண்ட உண்மை. ஆண் ஆசிரியரிடம் பெண்ணை அனுப்ப மேற்சாதிக் குடும்பங்கள் தயங்கின. மணமான பெண்கள் வேலைக்கு வர இயலாது; மணமாகாத வயதுவந்த பெண்களோ அச்சமூகத்தில் இல்லை. எஞ்சியிருந்தவர்கள் கைம்பெண்களே. அவர்களுக்குப் பயிற்சி அளித்தால் இரண்டு பூட்டுகளும் ஒரே திறவுகோலில் திறக்கும் என்பதை லிஞ்ச் அம்மையாரும் சுப்பலட்சுமியும் உணர்ந்தனர். வேண்டாதவள் என்று வீட்டின் பின்கட்டுக்குத் தள்ளப்பட்டவள், ஊர்ப் பெண்குழந்தைகள் அனைவர்க்கும் வேண்டியவளாக வகுப்பறைக்குள் நுழைந்தாள். மாத ஊதியம் அவள் கையில் வந்தது. பாரம் என்று எண்ணிய குடும்பத்தை அவளே தாங்கும் நிலையும் உண்டாயிற்று.

கடற்கரை மாளிகை

மாணவியர் தொகை பெருகவே எழும்பூர் வீடு போதாமல் இல்லம் திருவல்லிக்கேணிக்கு இடம்பெயர்ந்தது. அதன்பின் அதற்குக் கிடைத்த இடம் கடற்கரையில் நின்ற ஐஸ் ஹவுஸ். அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டிகளைச் சேமிக்க 1842இல் எழுப்பப்பட்ட கட்டடம் அது. 1897இல் விவேகானந்தர் தங்கியிருந்து உரையாற்றிய பெருமையும் உடையது. 1917இல் அரசு அதனை வாங்கியது. கைம்பெண்களுக்கான இல்லம் அங்கே அமைந்தது.

வெளி உலகின் கண்ணில் படலாகாது என்று விதிக்கப்பட்டிருந்த சிறுமியர், நகரின் மிகத் திறந்த வெளியாகிய கடற்கரைக்கு எதிரே குடியேறியது வரலாற்றின் விந்தை. வாயிலுக்கு வெளியே ஏளனம் இருந்தது. உள்ளே பாடமும் விளையாட்டும் சிரிப்பும் இருந்தன. 1920ஆம் ஆண்டு சுப்பலட்சுமியின் பொதுப்பணிக்காகக் கெய்சரி ஹிந்து தங்கப் பதக்கம் வழங்கப்பட்டது. 1922இல் லேடி வெலிங்டன் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியும் அதனைச் சார்ந்த பயிற்சிப் பள்ளியும் தொடங்கப்பட்டபோது அதன் முதல் முதல்வராக அவரே பொறுப்பேற்றார். கற்றவள் கற்பிக்கிறவளாகும் வழி இப்போது ஒரு வளாகத்திற்குள்ளேயே அமைந்துவிட்டது.

எல்லைகளும் விலையும்

இவ்வரலாற்றைப் போற்றி மட்டும் கூறுவது நேர்மையாகாது. அவ்வில்லம் அந்தணக் கைம்பெண்களுக்கு மட்டுமே உரியதாக இருந்தது. உணவிலும் நடைமுறையிலும் ஆசாரம் பேணப்படும் என்ற உறுதி இல்லையேல் ஒரு பெற்றோரும் தம் மகளை அனுப்பியிருக்க மாட்டார் என்பது அதற்குரிய காரணம். எனினும் அரசுப் பணத்தில் ஒரு சாதிக்கு மட்டும் இல்லமா என்ற வினா நியாயமானது. கைம்மைத் துயரும் வறுமையும் பிற சமூகத்துப் பெண்களையும் வாட்டிய காலம் அது.

மறுமணம் செய்விப்பதையும் அவர் இல்லத்தின் நோக்கமாக வைத்துக்கொள்ளவில்லை. 1909ஆம் ஆண்டளவில் பெரியார் ஈ.வெ.ரா. தம் உடன்பிறந்தாளின் மகளுக்கு, எதிர்ப்பை மீறி மறுமணம் செய்துவைத்தார். பின்னர் சுயமரியாதை இயக்கம் கைம்பெண் மணத்தைத் தன் கொள்கைகளுள் ஒன்றாகவே ஆக்கிக்கொண்டது. அத்துணிவோடு ஒப்பிட்டால் சுப்பலட்சுமியின் நடை மெல்லியது. வழக்கத்தை உடைக்கப் புறப்பட்டவர் அல்லர் அவர். வழக்கத்தின் சுவருக்குள்ளேயே ஒரு கதவை வைத்தவர். கதவு வைப்பதற்காகச் சுவரை நிற்கவிட்டார் என்பதே அவர் கொடுத்த விலை. அவ்விலை மிகுதியா என்பதில் இருவேறு கருத்துகள் இருக்கலாம். அக்கதவின் வழியே வெளியே வந்த பெண்ணுக்கு அது தன் முழு வாழ்க்கை.

தம் நிறுவனத்தின் குறைகளை அவர் காணாமலும் இல்லை. அரசு இல்லத்தில் 18 வயதைக் கடந்த கைம்பெண்களுக்கு இடமில்லை. அவர்களுக்காக 1927இல் சாரதா மகளிர் சங்கத்தின் சார்பில் சாரதா வித்தியாலயத்தைத் தோற்றுவித்தார். 1938இல் அப்பள்ளி இராமகிருஷ்ண மிஷனின் பொறுப்பில் ஒப்படைக்கப்பட்டது. ஓர் அமைப்பு யாரைப் புறத்தே நிறுத்துகிறதோ அவருக்கென மற்றோர் அமைப்பைக் காண்பது அவர் இயல்பாயிற்று.

சட்டமன்றமும் சிற்றூரும்

நோயைத் தீர்ப்பதோடு நோயின் காரணத்தையும் களைய வேண்டும் என்பதை அவர் அறிந்திருந்தார். அரசு ஊழியர் என்பதால் 1917இல் அடையாற்றில் தோன்றிய இந்திய மாதர் சங்கத்தில் உறுப்பினராக அவருக்கு அனுமதி கிட்டவில்லை. எனினும் அதன் கூட்டங்களுக்குச் சென்றார். குழந்தை மணத்தை ஆராய அமைக்கப்பட்ட ஜோஷி குழுவின்முன் சாட்சியம் அளித்தார். பெண்ணின் மணவயதை 14 என்றும் ஆணின் மணவயதை 18 என்றும் வரையறுத்த சட்டம் 1929இல் நிறைவேறி 1930 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. தம் மணநாளைத் தடுத்திருக்கக்கூடிய சட்டம் உருவாக, 40 வயதைக் கடந்த சுப்பலட்சுமி துணைநின்றார்.

அவர் பிறந்த அதே 1886இல் பிறந்தவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. பொட்டுக்கட்டும் வழக்கிலிருந்து விடுபட விரும்பிய சிறுமியரை விடுதிகள் ஏற்க மறுத்தபோது தம் வீட்டிலேயே இடமளித்து, 1930இல் ஔவை இல்லத்திற்கு அடிகோலியவர் அவர். கணவனை இழந்தவள் என ஒதுக்கப்பட்ட சிறுமிக்கு ஒருவரும், கணவனே கூடாதெனக் கோயிலுக்கு விடப்பட்ட சிறுமிக்கு மற்றொருவரும் ஒரே நகரில் கதவு திறந்தனர். இருவருமே முதலில் திறந்தது தம் வீட்டுக் கதவை.

முதுமையிலும் சுப்பலட்சுமி ஓய்ந்திருக்கவில்லை. இளமையில் கல்வி வாய்க்காத வயதுவந்த மகளிர்க்காக 1942இல் மயிலாப்பூரில் ஸ்ரீவித்யா கலாநிலையத்தைத் தொடங்கினார். 1952 முதல் 1956 வரை சென்னைச் சட்டமேலவையின் நியமன உறுப்பினராகப் பணிபுரிந்தார். 1954இல் தாம்பரத்தை அடுத்த மாடம்பாக்கத்தில் மகளிர்க்கும் குழந்தைகட்கும் சமூகநல மையம் அமையத் துணைபுரிந்தார். மயிலாப்பூர் மகளிர் மன்றத் தலைவராக இருந்து 1956இல் அவர் உருவாக்கிய பள்ளிக் கழகமே வித்யா மந்திர் பள்ளியாக வளர்ந்தது. 1958இல் பத்மஸ்ரீ விருது அவரை நாடி வந்தது.

சென்னையில் வந்து தங்கிய மோனிகா ஃபெல்டன் என்னும் ஆங்கிலப் பெண்மணி அவருடைய வாழ்க்கையை எழுதி, 1966இல் நூலாக வெளியிட்டார். 1969ஆம் ஆண்டு டிசம்பர் 20ஆம் நாள், வைகுண்ட ஏகாதசியன்று சுப்பலட்சுமி அம்மையார் மறைந்தார்.

நிறைவாக

பெண்ணுக்குப் பெண்ணே பகை என்பது வழிவழியாகச் சொல்லப்படும் ஒரு கூற்று. வாலாம்பாள் சித்தியின் வாழ்க்கை அதற்கு மறுப்பு. பட்டம் பெறாத, பதக்கம் பெறாத அவ்வம்மையார் தாங்கிய வீட்டிலிருந்து ஒரு பட்டதாரி எழுந்தார். அப்பட்டதாரியின் இல்லத்திலிருந்து ஆசிரியைகள் எழுந்தனர். அவ்வாசிரியைகளின் வகுப்பறைகளிலிருந்து தலைமுறை தலைமுறையாகப் பெண்கள் எழுந்தனர். உதவி பெற்றவர் கடன்பட்டவராகவே நின்றுவிடாமல் உதவுகிறவராக வளர்வதற்கு வழிசெய்ததே சுப்பலட்சுமியின் தனிச்சிறப்பு. சிறுமியர் கைம்பெண்களாகும் கொடுமை பெரிதும் மறைந்துபோன இந்நாளில், சட்டத்தாலும் வழக்கத்தாலும் இன்னும் புறத்தே நிறுத்தப்படுவோர் யார், அவர்களுக்காகத் திறக்க வேண்டிய வீட்டுக்கதவு எது என்று பார்க்கும் கண்ணே அவர் விட்டுச்சென்ற செல்வம்.